சின்னக் கைக்குப் பெரிய கிட்டாரா?

நைலான் தந்தி போட்டு விரலால் மீட்டுகிற கிளாசிக்கல் கிட்டார் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து கடிதம் வரும் என்று நினைத்தேன். உதவி ஆசிரியர் ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்து பெரம்பூர் வீட்டுத் திண்ணையில் கொட்டிவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கையைப் பற்றித்தான். கை சின்னது, விரல் தடிமன், சுண்டுவிரல் குட்டை, இடதுகைப் பழக்கம். முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், சொந்தக் கையை மெச்சி ஒருவர்கூட வகுப்புக்கு வந்ததில்லை. என் கையும் சின்னதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளையல் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அளவில்தான் எனக்கு வளையல் கிடைக்கும்.

பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

வயது 34. ஒரு வருடமாக வகுப்புக்குப் போகிறேன். முதல் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கிற கட்டம்) நாலாவது ஃப்ரெட் வரை நாலு விரலையும் வைக்கச் சொன்னால் சுண்டுவிரல் எட்டுவதே இல்லை. மணிக்கட்டு வலிக்கிறது. "உங்கள் கைக்கு இது சரிப்படாது, உகுலேலே எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் மாஸ்டர். விட்டுவிடலாமா?
— வாசகி, திருநெல்வேலி

விடாதீர்கள். உகுலேலே என்கிற அந்த நாலு தந்திக் குட்டிக் கிட்டார் நல்ல வாத்தியம்தான். ஆனால் தோசை கேட்டவருக்கு இட்லியை வைத்து, இரண்டும் ஒரே மாவுதானே என்று சொன்னால் எப்படி?

வலியை முதலில் பார்ப்போம். வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். விரல் நுனி எரிவது வேறு, அது சில வாரங்களில் காய்த்துப் போய் அடங்கிவிடும். மணிக்கட்டிலும் கட்டைவிரலின் அடியிலும் வருகிற வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. வாசிக்காத நேரத்திலும் வலித்தால், அல்லது விரல் மரத்துப் போனால், என்னைக் கேட்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

இப்போது கிட்டாருக்கு வருவோம். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் ஏறி உட்காருகிற வெள்ளைத் துண்டு) பாலத்தில் (உடம்பின்மேல் தந்திகளைக் கட்டியிருக்கிற மரக்கட்டை) இருக்கிற சேடில் என்கிற துண்டு வரை தந்தியின் நீளத்தைப் பாருங்கள். நம் ஊர்க் கடையில் கிளாசிக்கல் கிட்டார் என்று கேட்டால் கையில் கொடுப்பது 650 மில்லிமீட்டர். அதில் முதல் ஃப்ரெட் கம்பிக்கும் நாலாவது கம்பிக்கும் நடுவே ஏறக்குறைய 98 மி.மீ. அந்த இடைவெளியைத்தான் உங்கள் சுட்டுவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து தாண்ட வேண்டியிருக்கிறது. 630 நீளமுள்ள கிட்டாரில் அதே தூரம் 95. 615-ல் 92. குழந்தைகளுக்கு என்று விற்கிற 580-ல் 87.

மூன்று மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். அரை அளவு சின்னதாக ஒரு செருப்பு போட்டுக்கொண்டு டவுனிலிருந்து ஜங்ஷன் வரை நடந்து பாருங்கள்.

ஆனால் உடனே புதுக் கிட்டார் வாங்க ஓடாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரி உறுத்துகிறது: "வலது தொடையில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கிறேன்." அப்படி உட்கார்ந்தால் கிட்டாரின் தலை இடது பக்கம் எங்கேயோ போய்விடும், அதைத் துரத்திக்கொண்டு கையும் போகும், மணிக்கட்டு மடங்கும். மடங்கிய மணிக்கட்டோடு விரல் விரியாது. இப்போதே கையை நேராக நீட்டி விரல்களை விரித்துப் பாருங்கள், பிறகு மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி விரித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இடது காலை ஒரு சின்ன ஸ்டூலில் தூக்கி வையுங்கள், ஒரு சாண் உயரம் இல்லாவிட்டாலும் முக்கால் சாணாவது இருக்கட்டும். என் வகுப்பில் பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டைச் சணலால் கட்டித்தான் வைத்திருக்கிறேன். கிட்டாரின் இடுப்பு இடது தொடையில் உட்கார வேண்டும். தலைப்பக்கம் உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும். கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால், நடுவிரலுக்கு நேராக இருக்கட்டும். மேலே எட்டிப் பார்க்கிற கட்டைவிரல் மற்ற நாலு விரலையும் உள்ளே இழுத்துவிடும். இது மட்டும் சரியானதாலேயே "கை சின்னது" என்கிற புகாரை மறந்துபோன மாணவர்கள் என்னிடம் நிறைய உண்டு.

இரண்டு வாரம் அப்படி வாசித்தும் எட்டவில்லை என்றால் அடுத்தது கேபோ (கழுத்தில் மாட்டி எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அமுக்குகிற கவ்வி). ஒரு கேபோ வாங்கி முதல் ஃப்ரெட்டில் மாட்டுங்கள். 650 கிட்டார் அந்த நிமிஷமே ஏறக்குறைய 613 ஆகிவிடும், அதாவது 615 கிட்டார் என்று கடையில் விற்பதன் அளவு. இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டினால் 579, அதாவது முக்கால் அளவுக் கிட்டார். எந்த அளவில் உங்கள் கை நிம்மதி அடைகிறது என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். சுருதி ஏறிவிடுமே என்று கவலைப்படாதீர்கள், வீட்டில் தனியாகத்தானே வாசிக்கப் போகிறீர்கள்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. கேபோ மாட்டியதும் தந்தி பலகைக்கு நெருங்கி வந்துவிடும், அழுத்துவதும் சுலபமாகிவிடும். அப்படியானால் குறை நீளத்தில் இருக்கிறதா, நட்டின் உயரத்தில் இருக்கிறதா? கேபோவைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தந்தியையும் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட் கம்பிக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவு இருந்தால் சரி. தீக்குச்சி நுழைந்தால் நட் உயரம் அதிகம். விலை குறைந்த கிட்டார்களில் இது சர்வ சாதாரணம். வாத்தியம் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்தால் நட்டின் பள்ளங்களை அரத்தால் கொஞ்சம் ஆழமாக்கிக் கொடுப்பார். நீங்களே அரத்தை எடுக்காதீர்கள், ஒரு தேய்ப்பு கூடிப்போனால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

அதுவரைக்கும் ஏன் முதல் ஃப்ரெட்டிலேயே கிடந்து அவதிப்பட வேண்டும்? ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு ஏறுங்கள். ஐந்திலிருந்து எட்டு வரை உள்ள தூரம் அதே 650 கிட்டாரில் 77 மி.மீ. சொச்சம்தான், இரண்டு சென்டிமீட்டர் மிச்சம். நாலு விரல் பயிற்சியை அங்கே ஆரம்பித்து வாரம் ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வாருங்கள். என் சின்னக் கைப் பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் ஆரம்பிக்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும் எட்டாவிட்டால் 630 வாங்குங்கள், இன்னும் சிறிய கையென்றால் 615. கோர்டோபா என்கிற கம்பெனியில் டோல்சே என்கிற மாடல் 630, கடேட்டே என்பது 615. இந்த அளவுகளை வரவழைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், கடையில் மாட்டி வைத்திருப்பது அபூர்வம். அது குழந்தைகள் கிட்டார் என்று யாராவது கிண்டல் செய்தால் ஒரு விஷயம் சொல்லுங்கள். ஸ்பெயின்காரரான கிட்டார் வித்வான் ஃபெர்னாண்டோ சோர் (1778–1839) காலத்துக் கிட்டார்கள் உடம்பில் இன்றையதைவிடச் சின்னவை, தந்தி நீளமும் பெரும்பாலும் 630-ஐ ஒட்டித்தான். இன்று கிட்டார் படிக்கிற எல்லோரும் வாசிக்கிற அவருடைய பயிற்சிகள் அந்த அளவில் பிறந்தவை. 650 என்பது பிறகு ஸ்பெயினில் அல்மேரியாக்காரரான அந்தோனியோ டி டோரஸ் (1817–1892) செய்த கிட்டார்களிலிருந்து வழக்கமான அளவு. அவர்கூட எல்லாவற்றையும் 650-ல் செய்யவில்லை, சின்னதாகவும் செய்து கொடுத்திருக்கிறார். 1960-களில் மத்ரித்தில் கிட்டார் செய்கிற பரம்பரையில் வந்த மூன்றாவது ஹோசே ராமிரெஸ் 664 வரைக்கும் நீட்டினார், அந்த நீளத்தின் பின்னால் பலர் போனார்கள், பிறகு பெரும்பாலானோர் 650-க்கே திரும்பி வந்தார்கள். அளவு வேதவாக்கு இல்லை, அம்மா. காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

என் கிளாசிக்கல் கிட்டாரில் சத்தம் போதவில்லை. நைலானை எடுத்துவிட்டு ஸ்டீல் தந்தி போட்டுவிடலாமா?
— வாசகர், கோவை

கூடவே கூடாது தம்பி. நைலான் தந்தி ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ. லைட் என்று பெயர் போட்ட ஸ்டீல் தந்திகளே 70 கிலோவைத் தாண்டும். உங்கள் கிட்டாரின் மேல்பலகை மெல்லியது. உள்ளே விசிறி மடிப்புபோல ஒட்டியிருக்கும் மரச் சட்டங்கள் நைலானின் இழுப்புக்குக் கணக்குப் பண்ணி வைத்தவை. ஸ்டீல் போட்டால் பாலம் மெல்லத் தூக்கும், பலகை வயிறு தள்ளும், ஒருநாள் ராத்திரி எல்லோரும் தூங்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் மட்டும் உங்களுக்குப் போதுமான அளவு இருக்கும்.

பழைய தந்திகளை மாற்றி எத்தனை நாளாயிற்று? முதலில் அதைப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற லேத் ஆபரேட்டர், வயது 61. என் விரல்கள் வாழைப்பழம் மாதிரி இருக்கும். ஒரு தந்தியை அழுத்தினால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து அமுங்குகிறது. பேத்தி சிரிக்கிறாள். இந்த வயதில் இந்த விரலோடு முடியுமா?
— வாசகர், மதுரை

ஐயா, முதலில் அந்திரேஸ் செகோவியாவின் (1893–1987) கைகளைப் படத்தில் பாருங்கள். கிளாசிக்கல் கிட்டாரைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனதில் அவருக்குத்தான் முதல் இடம். அந்த விரல்களைப் பார்த்தால் இவர் எதையாவது தூக்கி இறக்குகிற வேலையில் இருந்தவர் என்றுதான் தோன்றும், அவ்வளவு சதை. பேத்தியிடமும் காட்டுங்கள்.

உங்களிடம் இருப்பது ஸ்டீல் தந்திக் கிட்டாராக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். மகன் காலேஜில் படிக்கும்போது வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் நட் அகலம் 43 மி.மீ. அளவில் இருக்கும், அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவே ஏழு மி.மீ. சொச்சம்தான். கிளாசிக்கல் கிட்டாரின் நட் 52 மி.மீ., அங்கே தந்திக்குத் தந்தி எட்டரை மி.மீ. போல வரும். லேத்தில் வேலை பார்த்தவருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. வெர்னியர் காலிப்பர் இன்னும் வீட்டில் இருக்கும், எடுத்து அளந்து பாருங்கள். அகலம் குறைத்து 48-ல் செய்கிற நைலான் கிட்டார்களும் வருகின்றன, "சுலபமாக இருக்கும் சார்" என்று சொல்லித் தருவார்கள். உங்களுக்கு அது வேண்டாம். திருநெல்வேலி அம்மாவுக்கு நான் சொன்னதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கைக்கு முழு 650-ம் முழு 52-ம்தான் வீடு.

விரலை வைக்கும் விதமும் ஒன்று உண்டு. விரலின் சதைப்பக்கத்தால் அழுத்தாமல், நுனியை நட்டுவைத்த மாதிரி செங்குத்தாக இறக்குங்கள். ஃப்ரெட் கம்பிக்குப் பின்னால் ஒட்டினாற்போல வைத்தால் பாதி பலம் போதும். இடதுகை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், நகம் நீண்டிருந்தால் விரல் படுத்துத்தான் கிடக்கும்.

தந்தியின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் தலையிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை, கிளாசிக்கல் கிட்டாரில் தடித்த தந்திக்கு 4 மி.மீ., மெல்லியதற்கு 3 என்றால் உத்தமம். ஐந்து, ஆறு என்று இருந்தால் பாலத்தில் செருகியிருக்கிற சேடிலை வெளியே எடுத்து அதன் அடியை உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்கலாம். இங்கே ஒரு மி.மீ. குறைய வேண்டுமானால் அங்கே இரண்டு மி.மீ. தேய்க்க வேண்டும். அடி சமதளமாக இருக்க வேண்டும். இந்த வேலையை நான் வேறு யாருக்கும் செய்யச் சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சொல்லலாம்.

வயது? தினமும் இருபது நிமிடம் உட்காருங்கள். போன வருடம் என்னிடம் சேர்ந்த ஒருவருக்கு உங்களைவிட நாலு வயது கூட. வேகம் வராது, ஆனால் அவர் வாசிப்பதில் பிசகு கிடையாது. அவசரப்படுவதற்கு அவருக்கு ஒன்றுமில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மகளுக்கு ஏழு வயது. பெரிய கிட்டாரே வாங்கிவிட்டால் வளர வளரச் சரியாகிவிடும் அல்லவா?
— வாசகர், ஆவடி

பள்ளிக்கூடப் பாவாடை வாங்குகிற கணக்கு! அதிலாவது ஓரத்தை மடித்துத் தைத்துப் பிறகு பிரித்துவிடலாம். கிட்டாரை எங்கே மடிப்பீர்கள்? அரை அளவு வாங்குங்கள், யமஹாவில் அது 535 மி.மீ. வரும். ஒன்பது பத்து வயதில் 580-க்கு மாற்றலாம். பழையது வாங்கினால் போதும், குழந்தைக் கிட்டார்கள் பெரும்பாலும் அதிகம் வாசிக்கப்படாமல்தான் விற்பனைக்கு வருகின்றன.

நான் நர்ஸ். வலதுகையில் நகம் வளர்த்தால்தான் கிளாசிக்கல் கிட்டார் வாசிக்க முடியும் என்கிறார்கள். எங்கள் வேலையில் நகம் வைத்துக்கொள்ளவே கூடாது. அப்படியென்றால் எனக்கு இது இல்லையா?
— வாசகி, வேலூர்

இருநூறு வருடச் சண்டையில் வந்து கால் வைத்திருக்கிறீர்கள்.

மேலே சொன்ன சோர் நகமில்லாமல் விரல் சதையால் வாசித்தவர். அவருடைய நண்பர் தியோனீசியோ அகுவாதோ (1784–1849) நகத்தோடு வாசித்தவர். இரண்டு பேரும் பாரிஸில் பழகியவர்கள், அவரவர் எழுதிய பாடப்புத்தகத்தில் அவரவர் வழியைச் சொன்னவர்கள். அதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்து வாசிக்கவென்றே 'இரு நண்பர்கள்' என்று பெயர் வைத்து சோர் ஒரு இசை எழுதினார். ஒரு கிட்டார் நகத்தில், ஒரு கிட்டார் சதையில்! எனக்கு அதை நினைத்தால் எப்போதும் சந்தோஷமாக இருக்கும். பிறகு வந்த ஃப்ரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு வாசித்தார். இன்று மேடையில் இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் நகம் வைத்திருக்கிறார்கள், காரணம் சத்தம். பெரிய ஹாலின் கடைசி வரிசைக்குச் சதையின் ஒலி போய்ச் சேராது. உங்களுக்கு நைட் டியூட்டி முடிந்து வந்து அறையில் வாசிக்கத்தானே? சதையின் ஒலி உருண்டையாக, இதமாக இருக்கும். தந்தியின்மேல் விரலை முழுதாக உட்கார வைத்து, அழுத்தி, விடுங்கள். கொக்கி போட்டு இழுக்காதீர்கள்.

நகம் உடைந்துவிட்டால் டேபிள் டென்னிஸ் பந்தை வெட்டி நகத்துக்கு அடியில் பசை போட்டு ஒட்டிக்கொள்கிற கிட்டார்காரர்கள் உண்டு. வேடிக்கைக்குச் சொன்னேன், நீங்கள் செய்துவிடாதீர்கள். உங்கள் வேலையில் ஒட்டுநகமும் ஆகாது.

இளையராஜா படித்தது இந்தக் கிளாசிக்கல் கிட்டார்தானா?
— வாசகர், தேனி

இதேதான். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதித் தங்கப்பதக்கம் வாங்கியவர். டிரினிட்டி கிரேடு தேர்வுகள் சென்னையில் இப்போதும் நடக்கின்றன, எட்டு கிரேடு. தேர்வு எழுதினால்தான் இசை வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தேதி குறித்துவிட்டால் நம் ஜனங்கள் உட்கார்ந்து சாதகம் பண்ணுவார்கள், அதற்கு உதவும்.

பதினெட்டு வருடம் வீணை வாசித்தவள். கிட்டார் சுலபமாக வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எங்கே தப்பு?
— வாசகி, தஞ்சாவூர்

தப்பு ஒன்றுமில்லை. பழகிய கை எதிர்த்துப் பேசுகிறது, அவ்வளவுதான்.

வலதுகையைப் பொறுத்தவரை நீங்கள் அதிர்ஷ்டசாலி. சுட்டுவிரலும் நடுவிரலும் மாற்றி மாற்றி மீட்டுவது உங்களுக்கு ஊறிய பழக்கம். வீணையில் நீங்கள் சுண்டுவிரலால் தாளத் தந்தியை மீட்டுவீர்கள், இங்கே சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. கட்டைவிரலும் மோதிரவிரலும் புதிதாகச் சேருகின்றன. மோதிரவிரல் முரண்டு பிடிக்கும், எல்லோருக்கும் அப்படித்தான்.

கஷ்டம் இடதுகையில். அங்கே சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து ஓடி, பெரும்பாலும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து இழுத்தே அடுத்ததைக் கொண்டுவந்துவிடுவீர்கள். இங்கே நாலு விரலும் நாலு ஃப்ரெட்டில் காவல்காரர்கள் மாதிரி தனித்தனியாக நிற்க வேண்டும். பதினெட்டு வருடம் சும்மா இருந்த சுண்டுவிரலை எழுப்பி வேலைக்கு அனுப்புகிறீர்கள், அது சிணுங்காதா? இன்னொன்று, வீணைபோலத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் நைலான் அவ்வளவாக ஏறிக் கொடுக்காது, கமகம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதற்குப் பதில் தந்தியின் நீளவாக்கில், விரலை எடுக்காமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே நன்றாகப் பேசும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிட்டார் வாசிக்க முயன்றதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசை புரிகிறது. நாற்காலிக்கு வந்துவிடுங்கள்.

இடதுகைப் பழக்கம் உள்ளவன். தந்தியைத் திருப்பிப் போட்டு வாசிக்கலாமா?
— வாசகர், சேலம்

இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் மூன்று மாதம் எல்லோரையும்போல வாசித்துப் பாருங்கள். இந்த வாத்தியத்தில் இரண்டு கைக்கும் நுணுக்கமான வேலைதான், தந்தி அழுத்துகிற கை உங்களுக்குப் பலமான கை என்பது லாபமாகக்கூட அமையலாம். மூன்று மாதத்துக்குப் பிறகும் கை ஒப்பவில்லை என்றால் மாற்றுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். அப்படி மாற்றும்போது தந்தியை மட்டும் திருப்பினால் போதாது. நட்டின் பள்ளங்கள் ஒவ்வொரு தந்தியின் தடிமனுக்கும் வெட்டியவை, நட்டும் சேடிலும் புதிதாகப் போட வேண்டும்.

புதிதாக ஒரு நல்ல கிட்டார் வாங்கப் போகிறேன். மேல்பலகை சீடர் மரமா, ஸ்ப்ரூஸ் மரமா? சாலிட் டாப் அவசியமா? வீட்டில் ராப்பகலாக ஏசி ஓடும்.
— வாசகர், சிங்கப்பூர்

சாலிட் டாப் என்றால் மேல்பலகை ஒரே மரத்திலிருந்து அறுத்தது. லேமினேட் என்றால் மெல்லிய ஏடுகளை ஒட்டிய ப்ளைவுட். ஒலிக்குச் சாலிட்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது காற்றின் ஈரத்துக்கு உப்பும், சுருங்கும். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது என்பார்கள். உங்கள் ஊரின் வெளிக்காற்று அதற்கு எவ்வளவோ மேலே. ஏசி அறை அதை இழுத்துக் கீழே கொண்டுவரும். மாறி மாறி இரண்டையும் அனுபவிப்பதுதான் மரத்துக்கு ஆகாது. கிட்டாரை வாசித்ததும் பெட்டிக்குள் வையுங்கள், பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானி போட்டுவிடுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கிற சுவரில் மாட்டாதீர்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் ஒருநாளும் விடாதீர்கள், பாலத்தை ஒட்டியிருக்கிற பசையே இளகிவிடும்.

சீடர் வாங்கிய நாளிலிருந்தே நன்றாகப் பேசும், குரல் கொஞ்சம் இருண்டு, வெதுவெதுப்பாக இருக்கும். ஸ்ப்ரூஸ் முதலில் கூச்சப்படும், வாசிக்க வாசிக்கத் திறக்கும், ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துத் தெளிவாகக் கேட்கும். நான் ஸ்ப்ரூஸ் கட்சி. ஆனால் கையில் ஒப்பாத ஸ்ப்ரூஸைவிட ஒப்புகிற லேமினேட் மேல் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து வாசியுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாக் கிட்டாரும் நன்றாகத்தான் இருக்கும், இருபதாவது நிமிடத்தில் கை உண்மையைச் சொல்ல ஆரம்பிக்கும்.

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களிடம் இருப்பது என்ன கிட்டார்?
— வாசகி, புதுச்சேரி

இரண்டு இருக்கிறது. பழையது என் பத்தொன்பதாவது வயதில் அப்பா வாங்கிக் கொடுத்தது. கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "பழகப் பழகக் கை நீளும்மா" என்றார். அப்பாவும் நம்பினார், நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து அதை யாரும் அளக்கவில்லை. ஆறாவது கிரேடு தேர்வுக்காகத் தினமும் நாலைந்து மணி நேரம் வாசித்தேன். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது இடதுகையால் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. அப்புறம் ஏழு மாதம் கிட்டாரைத் தொடவில்லை. கை நீளவும் இல்லை. பல வருடம் கழித்துத்தான் அதன் தந்தியை அளந்து பார்த்தேன், 664.

இரண்டாவது கிட்டார் கிடைத்தது முப்பத்தொரு வயதில். எங்கள் தெருவில் ஒரு ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போவதற்குமுன் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். நான் தையல் மெஷின் பார்க்கத்தான் போனேன். அலமாரிக்குப் பின்னால் பெட்டியோடு கிடந்தது. உள்ளே லேபிள் உரிந்துபோயிருந்தது, யார் செய்ததென்று இன்றுவரை தெரியாது. எடுத்து மடியில் வைத்து நாலு விரலையும் போட்டேன், நாலும் தானாகப் போய் உட்கார்ந்தன. நம்ப முடியாமல் அந்த வீட்டுப் பாட்டியிடம் டேப் வாங்கி நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்தேன். 31.5 சென்டிமீட்டர். பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் சரிபாதி என்பதால் அதை இரட்டித்தால் 63, அதாவது 630 மி.மீ. தையல் மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

அடுத்த இதழுக்குக் கிட்டார் பற்றிக் கேள்வி அனுப்புகிறவர்கள் இப்படி நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து, அந்த எண்ணையும் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள். உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி ஒரு போட்டோவும் வைத்தால் நல்லது. முகம் தெரிய வேண்டாம், கையும் காலும் தெரிந்தால் போதும்.